ஒடிவதும் உருகுவதும்

கொட்டைப் பருப்புகளை ஒன்றோடொன்று பிணைத்து மிட்டாயாக்குவதற்குப் பெரும்பாலும் இரண்டு வழிகளே உண்டு. சர்க்கரையையோ வெல்லத்தையோ நீர் வற்றக் காய்ச்சி, ஆறினால் ஒடியும் பாகாக்கி, அதில் பருப்பைப் புரட்டுவது ஒன்று. இளஞ்சூட்டில் உருகி, ஆறியதும் இறுகும் கொழுப்பில் பருப்பை அமிழ்த்துவது மற்றொன்று. கடலை மிட்டாய் முதல் வகை. உருக்கிய சாக்லேட்டில் கடலையையோ முந்திரியையோ பாதாமையோ கலந்து, கரண்டியால் அள்ளித் தாளில் வைத்து ஆறவிடும் மிட்டாய் இரண்டாம் வகை. தட்டில் பக்கத்தில் வைத்தால் உறவுக்காரர்கள் போலத் தெரியும். அடுப்படியில் இரண்டும் நேரெதிர். முன்னதற்குக் கடுஞ்சூடு வேண்டும். அதைக் கெடுப்பது காற்றின் ஈரம். பின்னதற்கு மிதச்சூடு போதும். அதைக் கெடுப்பது வெயில். எந்த ஊரில் எந்த மிட்டாய் நிலைக்கும் என்பதில் நாக்குக்கு உள்ள பங்கைவிட வானிலைக்கு உள்ள பங்கு அதிகம். திருநெல்வேலிச் சீமை இதற்கு நல்ல சான்று. இரண்டு வகைக்கும் இந்த நிலத்தில் வேர் உண்டு, தழைத்தது ஒன்றுதான்.

தழைத்த ஊர் கோவில்பட்டி. 1986 அக்டோபரில் தூத்துக்குடி மாவட்டம் பிரியும்வரை அது திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. தாமிரபரணிக் கரையின் கார், பிசானப் பருவ நெல்வயல்களை விட்டு வடக்கே போனால் வரும் கரிசல் நிலம். இலக்கிய வாசகர்களுக்கு எழுத்தாளர் கி. ராஜநாராயணனும் அவர் ஊரான இடைசெவலும் நினைவுக்கு வரும் வட்டாரம். பனைவெல்லப் பாகில் கடலையைச் சேர்த்துத் திருவிழாக்களில் விற்கும் வழக்கம் இங்கே முன்பே இருந்தது. 1940களில் பொன்னம்பல நாடார் கரும்பு வெல்லத்துக்கு மாறி இன்றைய வடிவில் மிட்டாய் செய்யத் தொடங்கினார் என்பது ஊரில் வழங்கும் வரலாறு. அவர் கைப்பக்குவம் ஒரு தொழிலாகி, அக்கம்பக்கத்துக் கிராமங்களுக்கும் பரவியது. உற்பத்தியாளர்களும் விற்பனையாளர்களும் சங்கமாகச் சேர்ந்து 2014இல் விண்ணப்பித்தார்கள். 2020 ஏப்ரல் 30 அன்று கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நாடு முழுக்க ஊரடங்கில் கிடந்த நாள் அது. ஊர் கொண்டாட நினைத்திருந்தாலும் வீட்டுக்குள்ளேதான் முடிந்திருக்கும்.

அந்த மிட்டாயின் பொருள்கள் மூன்று: கடலை, வெல்லம், தண்ணீர். மேலே நிறமூட்டிய தேங்காய்த் துருவல் தூவுவது அலங்காரம். ஏலம், சுக்கு சேர்ப்பது செய்பவர் விருப்பம். இவ்வளவு குறைந்த பொருள்களைக் கொண்ட பண்டத்தில் எதை மறைத்தும் தப்பிக்க முடியாது.

முதல் வேலை கடலையை வறுப்பது. நிலக்கடலையின் எடையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய், கால்பங்கு புரதம். சூடு உள்ளே இறங்கும்போது புரதத்தின் கூறுகளும் பருப்பில் இயல்பாக உள்ள சர்க்கரையும் வினைபுரிந்து வறுத்த மணத்தை உண்டாக்குகின்றன. தீ அதிகமானால் தோல் கருகிவிடும், நடுப்பகுதி பச்சையாகவே நிற்கும். அதனால் நிதானமாகக் கிளறி வறுத்து, ஆறவைத்து, தேய்த்து, புடைத்துத் தோலை நீக்குகிறார்கள். பருப்பு இரண்டாகப் பிளக்கும்போது நுனியில் இருக்கும் சிறு முளையும் உதிர்ந்துவிட வேண்டும்; அதில் ஒரு கசப்பு உண்டு. சொத்தையும் பூஞ்சை பிடித்ததும் இந்தக் கட்டத்திலேயே பொறுக்கி எறியப்பட வேண்டும். ஈரம் காயாமல் மூட்டை கட்டிய கடலையில் வளரும் பூஞ்சை அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சைச் சுரக்கும். வறுத்தால் அது முழுதாக அழிவதில்லை. பாகு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், ஒரு காறல் பருப்பு வாய்க்குப் போனால் மிட்டாயின் கதை முடிந்தது.

இரண்டாவது வேலை பாகு. தொழிலின் சூட்சுமம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. வெல்லத்தைச் சிறிது நீரில் கரைத்து, மண்ணும் சக்கையும் போக வடிகட்டி, அடுப்பில் ஏற்றுகிறார்கள். கொதிக்கக் கொதிக்க நீர் ஆவியாகிறது. எஞ்சும் கரைசலில் இனிப்பின் செறிவு கூடக்கூடக் கொதிநிலையும் ஏறுகிறது. சர்க்கரைப் பாகின் கணக்கு இது: 110 டிகிரி செல்சியஸ் அளவில் கம்பி இழுக்கும், அப்போது நூற்றுக்கு எண்பது பங்கு சர்க்கரை. 115 டிகிரியை ஒட்டி, தண்ணீரில் விட்ட சொட்டு விரலால் உருட்ட வரும். 125 டிகிரி சுமாரில் அந்த உருண்டை கெட்டிப்படும். 150 டிகிரிக்கு அருகில் நீர் நூற்றுக்கு ஒரு பங்காகக் குறைந்து, சொட்டு கண்ணாடிச் சில்லுபோல ஒடியும். வெல்லம் அவ்வளவு தூரம் தாங்காது. அதில் சுக்ரோஸுடன் குளுக்கோஸ், பிரக்டோஸ், தாது உப்புகள், கரும்பின் பிற கூறுகள் எல்லாம் கலந்திருப்பதால் சீக்கிரமே தீயத் தொடங்கும். ஆகவே ஒடியும் பதத்துக்கும் கசக்கும் பதத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி மிகக் குறுகியது.

அந்த இடைவெளியைப் பிடிக்கப் பட்டறையில் வெப்பமானியைத் தேடுபவர் குறைவு. ஒரு கிண்ணம் தண்ணீர் போதும். சொட்டு விட்டு எடுத்து ஒடித்துப் பார்ப்பார்கள். இறுகிய துண்டைத் தட்டில் போட்டு ஓசை கேட்பார்கள். மந்தமாக விழுந்தால் இன்னும் கொதிக்க வேண்டும், கணீரென்றால் அடுப்பை அணைக்க வேண்டும். அனுபவக் குறைவால் நேரும் கோளாறு பெரும்பாலும் ஒன்றுதான்: கருகிவிடுமோ என்ற பயத்தில் முன்னதாகவே இறக்கிவிடுவது. அந்த மிட்டாய் அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும். மறுநாள் பல்லில் ஒட்டும், நான்காம் நாள் தாளைவிட்டுப் பிரியாது.

பதம் வந்ததும் வறுத்த கடலை பாகில் விழுகிறது. கடலை வெதுவெதுப்பாக இருப்பது நல்லது. ஆறிப்போன கடலை பாகின் சூட்டை உறிஞ்சி, கலந்து முடிவதற்குள் இறுகவைத்துவிடும். பிறகு எண்ணெய் தடவிய பலகையில் கொட்டி, உருளையால் தேய்த்துப் பரப்பி, சூடு தணிவதற்குள் கத்தியால் கோடு போட வேண்டும். சில நிமிடம் பிந்தினால் கோட்டில் உடையாமல் போன போக்கில் உடையும். வீட்டில் செய்பவர்கள் ஒரு பங்கு கடலைக்கு முக்கால் பங்கு வெல்லம் என்று எடுக்கிறார்கள். கடலை பிதுங்கி நிற்க வேண்டும், பாகு இடுக்குகளில் மட்டும் இருக்க வேண்டும். வெல்லத்தைக் கூட்டி எடையை ஏற்றிய மிட்டாய் வெளிச்சத்தில் பிடித்தாலே தெரிந்துவிடும்.

இப்படி இறுகிய பாகு படிகம் அல்ல. மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கிக்கொள்ள நேரம் கிடைக்காமல் இருந்த இடத்திலேயே உறைந்துபோன நிலை. இயற்பியல் இதைக் கண்ணாடி வகைத் திண்மத்தில் சேர்க்கும். வெல்லத்தில் உள்ள குளுக்கோஸும் பிரக்டோஸும் சர்க்கரை பூத்துப் பொரபொரப்பாவதைத் தடுக்கின்றன. அதே இரண்டும் காற்றில் உள்ள ஈரத்தையும் விரும்பி இழுக்கின்றன. சிறிது ஈரம் ஏறினாலும் திண்மம் தளர்ந்து மறுபடி பாகாகப் பார்க்கும். நமுத்துப்போவது என்று வீட்டில் சொல்வது இதைத்தான்.

தண்ணீர்க் கதைக்கு வருவோம். கோவில்பட்டி மிட்டாயின் ருசிக்குத் தாமிரபரணித் தண்ணீர் காரணம் என்பது குறியீட்டுக்கான விளக்கத்திலேயே இடம்பெற்ற கூற்று. திருநெல்வேலி அல்வாவுக்கும் இதையே சொல்வார்கள். அல்வா விஷயத்தில் இதற்குப் பொருள் உண்டு: சம்பா கோதுமை தண்ணீரில் ஊறி, தண்ணீரோடு அரைபட்டு, பாலாகப் பிழிந்தெடுக்கப்படுகிறது. வெந்த மாவுச்சத்து நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் அல்வாவுக்கு அந்தக் குழைவு. கடலை மிட்டாயிலோ சேர்த்த தண்ணீரை முழுக்க விரட்டுவதே வேலை. விரட்டப்பட்ட ஒன்று எப்படி ருசி தரும் என்று கேட்பது நியாயம். ஆவியாவது நீர் மட்டும், அதில் கரைந்திருக்கும் உப்பு பாகிலேயே தங்கிவிடும் என்பது அதற்கு விடை. கரிசல் நிலத்துக் கிணறுகள் பலவற்றில் ஊறுவது உப்புச்சுவையான கடின நீர். அதில் காய்ச்சிய பாகில் அந்தச் சுவை செறிந்து நிற்கும். மலையில் பிறந்து குறைந்த தூரமே ஓடி வரும் ஆற்று நீரில் உப்பு குறைவு. ஆக, தாமிரபரணி மிட்டாய்க்குச் சுவை கூட்டுகிறது என்பதைவிட வேண்டாத சுவையைத் தராமல் இருக்கிறது என்பதே சரி. பெருமைக்கு இது சற்றுக் குறைவுதான், ஆனால் நிற்கும்.

அந்த நீர் கோவில்பட்டிக்கு வருவது சீவலப்பேரியிலிருந்து குழாய் வழியாக. குற்றாலத்தில் அருவியாக விழும் சிற்றாறு தாமிரபரணியோடு கலக்கும் ஊர் சீவலப்பேரி.

தண்ணீரைவிடப் பெரிய காரணம் காற்று. ஆனால் அதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரம் மழை குறைந்த வறண்ட பூமி. தீப்பெட்டித் தொழில் இங்கே ஊன்றியதற்குச் சொல்லப்படும் முதன்மையான காரணங்களில் ஒன்று இந்த வறட்சி. மருந்து தோய்த்த குச்சி வெறும் காற்றிலேயே உலரும். குச்சியை உலர்த்தும் காற்று மிட்டாயையும் நமுக்கவிடாமல் காக்கிறது. மழையை நம்பிய வேளாண்மையால் மட்டும் பிழைக்க முடியாத நிலம் தன் வறட்சியையே முதலாக்கித் தந்த இரண்டு தொழில்கள் இவை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் சோதனை.

ஈரப்பாங்கான ஆற்றங்கரையின் பண்டம் அல்வா. நெல்லையப்பர் கோயில் எதிரே மாலையில் சில மணி நேரம் மட்டும் திறக்கும் இருட்டுக்கடை வழியாக உலகம் அறிந்தது. நெய்யும் ஈரமுமாய்க் கையில் வழுக்கும் அந்த இனிப்பு நமுத்துப்போக வழியே இல்லை.

ஒடியும் வகையின் கதை இது. உருகும் வகையின் கதை சிற்றாற்றின் தலைப்பில் தொடங்குகிறது. 1796இல் ஆங்கிலேயர் டச்சுக்காரர்களிடமிருந்து அம்போயினாத் தீவைப் பிடித்தார்கள். கிராம்புக்கும் ஜாதிக்காய்க்கும் பேர்போன மலுக்குத் தீவுகளில் ஒன்று அது. அந்தத் தாவரங்களைத் தங்கள் கையில் உள்ள நிலங்களில் வளர்த்துப் பார்க்கும் ஆசை கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இருந்தது. மழையும் நிழலும் உள்ள குற்றாலம் தென்கோடியில் அதற்கு வாய்த்த இடமானது. 1798இல் அம்போயினாவிலிருந்து வந்த கொக்கோக் கன்றுகள் குற்றாலத்தில் நடப்பட்டன. இந்திய மண்ணில் கொக்கோவின் முதல் பதிவு அதுதான். அன்று அது திருநெல்வேலிச் சீமை. 2019இல் பிரிந்த தென்காசி மாவட்டத்தில் இன்றைக்கு அவ்விடம் இருக்கிறது.

அந்தக் கன்றுகளால் குற்றாலம் கொக்கோ ஊராகவில்லை. வியப்பதற்கில்லை. 1798இல் சாக்லேட் என்பது ஐரோப்பியப் பணக்காரர்கள் குடிக்கும் பானம். கொக்கோவை அழுத்திக் கொழுப்பைத் தனியே பிரிக்கும் இயந்திரத்துக்கு வான் ஹூட்டன் குடும்பம் ஹாலந்தில் காப்புரிமை பெற்றது 1828இல். அந்தக் கொழுப்பை மறுபடி கூட்டிச் சேர்த்துக் கடித்துத் தின்னும் கட்டியாக்கியது இங்கிலாந்தின் பிரை நிறுவனம், 1847இல். கொட்டைகளைப் பிணைக்கும் சாக்லேட் உலகில் பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே அதன் மரம் குற்றாலத்துக்கு வந்துவிட்டது. கொக்கோ தொழில்முறைப் பயிராக இந்தியாவில் ஊன்ற 1965 ஆனது. கேட்பரி நிறுவனம் கேரளத்தில் அதைத் தொடங்கிவைத்தது. இப்போது தமிழ்நாட்டில் பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் அது ஊடுபயிர். தென்னை நிழல்தான் அதற்கு வாழ்வு.

சாக்லேட்டை அந்நியம் என்றும் கடலை மிட்டாயை மண்ணின் பண்டம் என்றும் பிரிப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. நிலக்கடலையும் முந்திரியும் கொக்கோவும் மூன்றுமே அமெரிக்கக் கண்டத்துத் தாவரங்கள். கடல் தாண்டி வந்தவை. வந்தவற்றுள் கடலை நம் வீட்டுப்பிள்ளையானதற்கும் கொக்கோ விருந்தாளியாகவே நிற்பதற்கும் காரணம் வெப்பமானியில் இருக்கிறது. கொக்கோக் கொழுப்பு 34 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். வாய்ச்சூட்டில் கரையும் சுகம் அதனால்தான். சித்திரை, வைகாசியில் திருநெல்வேலிப் பகல் 38 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். வாயில் உருக வேண்டியது இங்கே பெட்டிக்கடையிலேயே உருகும்.

வீட்டில் செய்த சாக்லேட் என்ற பலகையைத் தமிழ்நாட்டில் அதிகம் காணக்கூடிய இடங்கள் ஊட்டியும் கொடைக்கானலும் என்பதன் காரணமும் இதுவே. கடல்மட்டத்துக்கு 2,200 மீட்டர் மேலே உள்ள ஊட்டியில் முந்திரியும் திராட்சையும் பதித்த சாக்லேட் கட்டிகளை எந்தக் குளிர்பெட்டியும் இல்லாமல் கடையில் அடுக்கலாம். வாங்கிக்கொண்டு அடிவாரத்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்குபவர்களுக்கு மீதி தெரியும்.

இந்த வகை மிட்டாயை அமெரிக்க வீடுகளில் ஸ்லோ குக்கரில் செய்கிறார்கள். அங்கும் இங்கிலாந்திலும் கனடாவிலும் வாழும் தமிழர் சமையலறைகளிலும் அந்தச் சாதனம் உண்டு. சுற்றிலும் மின்கம்பிச் சூடு தரும் உறைக்குள் கனத்த பீங்கான் பானை, மேலே மூடி, அவ்வளவுதான். இதற்கு இர்விங் நாக்சன் என்பவர் 1940இல் காப்புரிமை பெற்றார். லித்துவேனியாவின் யூதர்கள் ஓய்வுநாளுக்காக முந்தின நாளே ரொட்டிக்கடை அடுப்பின் தணலில் வைத்துவிடும் கூட்டு அதற்குத் தூண்டுகோல் என்பது அவர் குடும்பம் சொன்னது. இரவு முழுக்கத் தணலில் கிடக்கும் பானை நம் பாட்டிமாருக்கும் புதிதல்ல. 1971இல் ரைவல் நிறுவனம் கிராக்பாட் என்ற பெயரில் விற்றபின் அது வீடுதோறும் போனது.

செய்முறை எளிது. வறுத்த கடலையோ கலவைக் கொட்டைகளோ ஒரு கிலோ அடியில்; உடைத்த சாக்லேட் ஒரு கிலோ மேலே. சாக்லேட் பானையின் அடியை நேரே தொடாமல் கடலை காக்கும் என்பது இந்த அடுக்கின் நோக்கம். மிகக் குறைந்த சூட்டில் ஒரு மணி நேரம். இடையில் ஓரிரு முறை கிளறல். எல்லாம் இளகிக் கலந்ததும் பட்டர் தாளில் கரண்டி கரண்டியாக வைத்து ஆறவிடுவது.

எளிதானாலும் மூன்று இடங்களில் சறுக்கும். முதலாவது நீர். மூடியின் உட்புறம் படியும் ஆவி சொட்டி ஒரே ஒரு துளி விழுந்தாலும், சாக்லேட்டில் உள்ள சர்க்கரைத் துகள்கள் அதைப் பிடித்து ஒட்டிக்கொண்டு மொத்தமும் கட்டிதட்டிவிடும். மூடிக்கு அடியில் உலர்ந்த துணி கட்டுவது இதற்குத் தடுப்பு. இனிப்புக்கு வெல்லத்தையோ கருப்பட்டியையோ சீவிப் போட நினைப்பவர்களுக்கும் இதுவே எச்சரிக்கை: அவற்றில் ஈரம் உண்டு, கொழுப்பில் கரையவும் மாட்டா. இரண்டாவது சூடு. மெதுவாகச் சமைக்கும் பானை என்றாலும் நேரம் போகப் போக அது 90 டிகிரியை எட்டக்கூடியது. கறுப்புச் சாக்லேட் 50 டிகிரிக்கு மேலும் பால் சாக்லேட் 45க்கு மேலும் போகாமல் இருப்பது நல்லது. மூன்றாவது இறுகும் விதம். கொக்கோக் கொழுப்பு ஆறு வகைப் படிகங்களாக இறுகக்கூடியது. பளபளப்பும் முறிவும் தருவது அவற்றில் ஒன்று மட்டும். முழுக்க உருக்கி அப்படியே ஆறவிட்டால் மற்றவை முந்திக்கொள்ளும். சில நாளில் மேலே சாம்பல் பூக்கும். மூன்றில் ஒரு பங்கு சாக்லேட்டை உருக்காமல் வைத்திருந்து, அடுப்பை அணைத்தபின் போட்டுக் கிளறினால், அதில் உள்ள நல்ல படிகம் விதையாக நின்று மற்றதையும் தன் வழிக்கு இழுக்கும். கொக்கோக் கொழுப்புக்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு சேர்த்த காம்பவுண்ட் சாக்லேட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை, வெயிலையும் சற்றுத் தாங்கும். வாயில் மெழுகுபோல நிற்கும் என்பது அதற்குக் கொடுக்கும் விலை.

இந்தச் சாதனத்தில் கடலை மிட்டாய் செய்ய முடியாது. பாகுக்கு வேண்டிய சூட்டை அது எட்டவே எட்டாது. அல்வாவும் முடியாது, மூடி ஆவியை உள்ளேயே வைத்துக்கொள்ளும், கிளறவும் வழியில்லை. சாக்லேட் மிட்டாய்க்கோ இது கட்டாயமில்லை. கொதித்து இறக்கிய வெந்நீர்ப் பாத்திரத்தின் வாயில் உலர்ந்த கிண்ணத்தைப் பொருத்தி உருக்கினாலும் அதே மிட்டாய்தான். ஓரத்தில் ஆவி எழும்பி உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

கடலையைப் பொறுத்தவரை கோவில்பட்டிப் பக்குவமே இங்கும் பக்குவம்: நிதானமாக வறுத்து, தோலும் முளையும் நீக்கி, முற்றாக ஆறவைத்தது. பாகுக்கு வெதுவெதுப்பான கடலை வேண்டும். இங்கோ, வெந்நீரில் உருக்கிய சாக்லேட்டில் சூடான கடலையைக் கலந்தால் அது விதைப்படிகத்தைக் கரைத்துவிடும். சிறிது கல்லுப்பைப் பொடித்துத் தூவினால் கொக்கோவின் கசப்பு அடங்கும். தூத்துக்குடி உப்பளங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன.

காலம்தான் கடைசிக் கணக்கு. பங்குனி முதல் ஆவணி வரை கடலை மிட்டாய் ஒடியும், சாக்லேட் உருகும். ஐப்பசியில் மழை இறங்கியதும் கடலை மிட்டாய் டப்பாவை இறுக மூடியே வைக்க வேண்டும். இரவுச் சூடு 25 டிகிரிக்குக் கீழே இறங்கும் மார்கழியும் தையும் சாக்லேட்டின் மாதங்கள்; பாளையங்கோட்டை வீடுகளில் கிறிஸ்துமஸ் பலகாரம் தயாராகும் காலமும் அதுவே. தாமிரபரணிப் பக்கம் சாக்லேட் மிட்டாய் செய்து பார்க்க நினைப்பவர்கள் மார்கழியில், பொழுது சாய்ந்தபின் அடுப்பைப் பற்றவைப்பது நல்லது.